ஆற்றைக் காக்கத் துணி

ஆற்றுக்குள் வைத்து என் வீட்டுக்காரி காலை ஒரு சேலை பிடித்துக்கொண்டது. பச்சைச் சேலை. யாரோ முழுகிவிட்டு விட்டுப்போனது. தாமிரபரணிக் கரையில் அப்படித்தான். கெட்ட நேரம் போகணும் என்றால் ஆற்றில் முழுகி, உடுத்தின துணியை அங்கனயே விட்டுவிட்டு, வேறு உடுத்திக் கரையேறுவார்கள். இறந்தவருக்குக் காரியம் செய்ய வருகிறவர்களும் விடுவார்கள். துணி போகும், அதோடு பீடையும் போகும் என்று நினைப்பு. துணி எங்கேயும் போகாது. படித்துறைக் கல்லில் மாட்டிக்கொண்டு உள்ளே ஆடிக்கொண்டு கிடக்கும்.

இவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். காலில் சுற்றியது. விழுந்தாள். தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் குளித்த பொம்பளைகள் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து ஈரத்தோடு உட்கார்ந்தாள்.

"இனி அங்கன போமாட்டேன்" என்றாள்.

போகவில்லை. குழாயில் வாளி வைத்துக் குளித்தாள். குளித்த மாதிரியே இல்லை என்றாள்.

எங்கள் வீட்டில் பேசுகிறவள் அவள். நான் கேட்கிறவன். படித்துறைக்குப் போய்வந்தால் ஊர்ச்சங்கதி பூராவும் அவளோடு வீட்டுக்கு வரும். யார் மகள் கோவித்துக்கொண்டு வந்திருக்கிறாள், யார் வீட்டு மாடு எவன் வயலில் மேய்ந்தது, எல்லாம். வாளியில் குளித்தால் என்ன சங்கதி வரும். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. எனக்கு எப்பவுமே இல்லை. ராத்திரிச் சோறு தின்னும்போது ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

அவளைத் திரும்ப ஆற்றில் இறக்கணும். எனக்கு வேண்டியது அதுதான். சுற்றுச்சூழல் என்கிற வார்த்தையெல்லாம் பிறகு வந்தது.

என்னிடம் ஒரு குட்டியானை வண்டி உண்டு. வாழைத்தார் ஏற்றுவேன். தார் இல்லாத நேரம் தொரட்டியை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிதான். நீளக் கம்பு, நுனியில் கொக்கி. தண்ணீருக்குள் விட்டு இழுத்தால் வேட்டி வரும். வேட்டி பின்னால் சேலை வரும். சேலை பின்னால் ஒரு பேன்ட் வரும்.

படித்துறைக்கு மேலே ஒரு டீக்கடை. கடைக்காரன் அங்கிருந்தே பார்ப்பான்.

"என்ன வே, இழுக்க இழுக்க வருதே. உள்ள ஜவுளிக்கடை எதும் இருக்கோ?"

நான் அடுத்த வேட்டியை இழுத்தேன்.

"நல்ல சட்டையா மாட்டிச்சுன்னா இங்கன எறியும். எனக்கு நாப்பத்திரண்டு சைஸ்."

ஒரு பாகம் சுத்தமாக்கினேன். வீட்டில் போய்ச் சொன்னேன். அவள் வந்து மேல்படியில் நின்று பார்த்தாள். அன்றைக்கு அமாவாசை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு குடும்பம் முழுகி ஆளுக்கொன்று விட்டது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

டவுணிலிருந்து ஆற்றைக் காப்பாற்ற ஒரு குழு வந்தது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், தொப்பி, கையுறை. தலைவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ரொம்ப நல்ல மனுஷன். மைக் இல்லாமல் பேசினாலும் மைக்கில் பேசுகிற மாதிரி இருக்கும். மைக் செட்டையும் குப்பையையும் ஏற்ற என் வண்டியைக் கூப்பிட்டார்கள். போனேன். அப்படியே சேர்ந்துவிட்டேன். எனக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள். தலைக்குச் சின்னது.

முதலில் உறுதிமொழி. கையை நீட்டிக்கொண்டு, ஆற்றில் எதையும் போடமாட்டேன் என்று சொல்லணும். சொன்னோம். பிறகு பாட்டில் பொறுக்கினோம். பிறகு தாகத்துக்குப் பாட்டில் கொடுத்தார்கள். குடித்தோம். அதையும் பொறுக்கினோம்.

ஒரு ஞாயிறு ஆற்றுக்காக ஓட்டம் வைத்தார்கள். படித்துறையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பணும். சீவலப்பேரி பஸ் வந்தது. கொஞ்சம் பேர் அதில் ஏறிவிட்டார்கள். பஸ்ஸைத்தான் விரட்டி வருகிறோம் என்று கண்டக்டர் நினைத்து நிறுத்தியிருக்கிறார். நிறுத்தின பிறகு ஏறாமல் இருக்க முடியவில்லை என்றார்கள்.

இன்னொரு ஞாயிறு யோகா. படிக்கட்டுக்கு மேலே உள்ள தளத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். கடைசியில் சவாசனம் என்று ஒன்று. பிணம் மாதிரி அசையாமல் கிடக்கணும். கிடந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் அஸ்தி கரைக்க வேனில் வந்து இறங்கியது. வரிசையாக ஆள் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் ஒருத்தர் டீக்கடைக்காரனிடம் பைய கேட்டார்.

"எந்த ஊர்ல வே ஆக்சிடெண்ட்டு?"

"எல்லாம் டவுண் ஆளுதான். ஒருத்தரு மட்டும் உள்ளூரு" என்றான் கடைக்காரன்.

பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

இப்படிப் போனது. ஆனால் துணியை யாரும் தொடவில்லை. பாட்டில் லேசு. நனைந்த சேலை கனம். மேலும் அது யார் சேலை, எதற்கு விட்டது என்று தெரியாது. கையுறை போட்டிருந்தாலும் தொட யோசித்தார்கள். பாட்டில் இல்லாத கரையும் துணி நிறைந்த ஆறுமாகக் கிடந்தது. என் வீட்டுக்காரி வாளியில்தான் குளித்தாள்.

வாத்தியாரிடம் போய் நின்றேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"துணி எடுக்கணும்."

"எடுக்கலாம். படிப்படியா எடுப்போம்."

"படியிலதான் கெடக்கு சார். வீட்டுக்காரி கால்ல சுத்திட்டு. ஆத்துக்கு வர மாட்டேங்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தோளில் கை வைத்தார். அடுத்த ஞாயிறு துணிக்கு மட்டும்தான் என்று எல்லாரிடமும் சொன்னார். என்னைத் துணிப் பிரிவுப் பொறுப்பாளர் ஆக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். பிரிவில் நான் ஒருத்தன்தான்.

ஆள் நிறைய வரணும் என்று ஒரு ஃப்ளக்ஸ் அடித்தார்கள். வாசகம் வாத்தியார் எழுதினது. பெரிய எழுத்தில், 'ஆற்றைக் காக்கத் துணி'. கீழே சின்ன எழுத்தில் ஞாயிறு காலை, படித்துறை, அனைவரும் வருக. பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தில் நான்தான் கட்டினேன். படித்துப் பார்த்தேன். ஆற்றைக் காக்கத் துணி கொண்டு வரணும் போல என்று நினைத்தேன். ஈரம் துடைக்க, கையில் சுற்ற, எதற்காவது இருக்கும். வாத்தியார் எழுதினதில் நாம் என்ன கேட்க. ஞாயிற்றுக்கிழமை பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் ஒருத்தன் அப்படி நினைத்தேன் என்றால் அது என்னோடு போயிருக்கும். அந்தத் தடத்தில் பஸ்ஸில் போன அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் திருவிழாக் கூட்டம். டவுணிலிருந்து வந்த பஸ் படித்துறையிலேயே காலியானது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு கவர். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா அண்ணாச்சி. மக்கள் துணிஞ்சிட்டாங்க."

"ஆமா சார். எல்லாரும் கொண்டாந்திருக்காங்க" என்றேன். என் துண்டையும் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

மைக்கைப் பிடித்தார். மைக் அன்றைக்குக் கரகரவென்று இருந்தது. தயங்க வேண்டாம், எல்லாரும் துணிந்து இறங்குங்கள் என்றார். கூட்டம் இறங்கியது. கவரைப் பிரித்தார்கள். சேலை, வேட்டி, மஞ்சள் துணி, சிவப்புத் துணி, குழந்தைக் கவுன். சிலது கடை மடிப்புக் கலையாத புதுசு. மூன்று முழுக்குப் போட்டு ஆற்றில் விட்டார்கள். கவர்களைப் படியில் வைத்தார்கள்.

தண்ணீர் தெரியவில்லை. கலர் கலராகத் தெரிந்தது.

வாத்தியார் மைக்கோடு படிக்கு ஓடினார். முன்னால் நின்ற ஒரு பொம்பளையிடம் கேட்டார். டவுண் பக்கத்து ஆள், நல்ல தாட்டியமான பொம்பளை, தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, என்ன செய்யுதீங்க?"

"போர்டுல போட்டிருக்குல்லா சார். ஆத்தக் காக்க துணின்னு. நான் சார்ஜாவுல இருக்க மகளுக்கும் சேத்து ரெண்டு கொண்டாந்தேன்."

"அய்யோ அம்மா, அது இந்தத் துணி இல்ல. துணிங்கது அங்க பெயர்ச்சொல் கிடையாது. அது ஏவல் வினை."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது. அதுவரை சளசளவென்று இருந்த கூட்டம் அடங்கிவிட்டது.

"ஏவலா?" என்றாள் அவள். "யாரு சார் வச்சா?"

"யாரும் வைக்கலம்மா. நான்தான் வச்சேன். வாசகத்துல."

"நீங்களா?"

அவள் ரெண்டு படி பின்னால் போனாள். பக்கத்தில் நின்றவள் குரலைத் தாழ்த்தி, "செய்வினையா சார்?" என்றாள்.

வாத்தியார் அங்கே பேச்சை நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் இலக்கணம் நடத்தினவர். தப்பாகச் சொன்னால் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.

"செய்வினை வேற, ஏவல் வினை வேற. செய்வினை வாக்கியத்துல வரும்."

மைக் கரகரத்தது. முன்வரிசை அதைப் பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை மேல்படிக்குச் சொன்னது. டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது அது இப்படி இருந்தது.

"செய்வினைய வாய்க்கால்ல வச்சிருக்கானாம்."

படித்துறைக்கு மேற்கே ஒரு வாய்க்கால் பிரிகிறது. வயலுக்குப் போகிறது. போகணும். குப்பையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் ஏறி வெகுகாலம். கூட்டத்தில் பாதி அங்கே போனது. செய்வினை என்றால் தகடு இருக்கும், முட்டை இருக்கும், எடுத்தால்தான் ஆறு தேறும் என்று மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்கள். பக்கத்து வயல்காரர்கள் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் தோண்டினார்கள். மறுநாளும் வந்தார்கள். பாட்டில் வந்தது, பழைய ஹெல்மெட் வந்தது, ஒரு டிவிப் பெட்டி வந்தது. தகடு வரவில்லை. தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிறைய வந்தது.

"என்ன வே, உங்க சாரு பெரிய மந்திரவாதிதான் போல" என்றான் டீக்கடைக்காரன். "நாங்க எத்தன மனு குடுத்தோம். இம்புட்டு நாள் இவரத் தெரியாம போச்சே."

வாத்தியார் வந்து வாய்க்காலைப் பார்த்தார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், வாய்க்கால் தூர்வாரும் பணி மக்கள் பங்கேற்புடன் சிறப்பாக நடந்தது என்று போட்டோ போட்டார். பொய் இல்லை.

ஆனால் படித்துறை போனது. அந்த ஞாயிறு விட்ட துணி முழுக்க அங்கன கிடந்தது. ஏவல் பேச்சு பரவி, நடுவாரத்திலும் வந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் காலைச் சுற்றும். இப்போது ஆளையே போர்த்திவிடும். நான் இழுத்தேன். என் வண்டி நிறைய ஈரத்துணி. வாழைத்தாரை விடக் கனம். பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மைனி சுவருக்கு மேலாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஆத்துல ஏவல் இருந்துச்சாமே" என்றாள்.

"அது இலக்கணம்."

"எந்தக் கணமா இருந்தா என்ன. பேரு தெரிஞ்சாச்சுல்லா."

"அப்படி ஒண்ணும் கெடையாது. வாத்தியாரு எழுதின போர்டு அது."

அவள் கேட்கிற மாதிரி இல்லை. வெகுநாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து குளிக்கிற ஆறு. அது எப்படி என்னைப் பிடிச்சு இழுக்கும்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நான் என்ன செஞ்சேன் அதுக்கு. ஒண்ணும் வெளங்கல. இப்ப வெளங்குது. ஆறு இழுக்கல. எவனோ வச்சது இழுத்திருக்கு."

இத்தனை மாதமாக அவளுக்குத் துணி பயம் என்று நினைத்திருந்தேன். ஆறு தன் மேல் கோபமாக இருக்கிறது என்றல்லவா இருந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம நானும் ஒரு சேல விடுதேன்" என்றாள்.

துணிப் பிரிவுப் பொறுப்பாளர் வீட்டில் இது நடந்தது.

ஞாயிறு வந்தது. அவள் கையில் கவர் இல்லை. சேலையை மார்போடு பிடித்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த மயில் கழுத்து நிறச் சேலை. கீழ்ப்படிக்கு வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"இது என்ன இப்படிக் கெடக்கு. எங்கன எறங்க? கொஞ்சம் வழி பண்ணுங்க."

தொரட்டியை விட்டு இழுத்தேன். ஒரு ஆள் இறங்கி நிற்கிற அகலத்துக்குத் துணியைக் கரையில் போட்டேன். அவள் துணி விடுவதற்கு நான் துணி எடுத்தேன். வாத்தியார் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி. நீங்களே இப்படியா? உறுதிமொழி எடுத்தோமே."

"நான் எடுத்தேன் சார். அவ எடுக்கல."

"எடுத்துச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன். இலக்கணம்னு."

அவர் மைக்கைத் தூரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ரெண்டு பேரும் பார்த்தோம்.

அவள் காலை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். முழங்கால் வரைக்கும் போய் நின்று காலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு இடுப்பு வரை போனாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். மூன்று தடவை. சேலையை விரித்து விட்டாள். ஓட்டம் அதைக் கொண்டு நேராக என் பக்கம் வந்தது.

தொரட்டி என் கையில் இருந்தது. கை அதுபாட்டுக்கு நீண்டுவிட்டது. பழக்கம். சேலை மாட்டிக்கொண்டது.

படி முழுக்க நின்ற கூட்டம் ஓவென்றது. அந்த டவுண் பொம்பளை அன்றைக்கும் வந்திருந்தாள்.

"எடுக்காதீரு வே. விட்டத எடுத்தா திரும்ப ஒட்டிக்கிடும்."

நான் அப்படியே நின்றேன். விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சேலை கொக்கியில் ஆடியது. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் ஆற்றுக்குள் நின்றவளைப் பார்த்தேன். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் முகத்தை வழித்துக்கொண்டு சொன்னாள்.

"எடுக்கட்டும். நான் அவருகிட்டயா குடுத்தேன். ஆத்துகிட்ட குடுத்தேன். அது வாங்கிட்டு. வாங்கினதுக்குப் பெறகு அவரு ஆத்துகிட்ட இருந்து எடுக்காரு. அது அவருக்கும் ஆத்துக்கும் உள்ள பாடு. எனக்கென்ன."

டவுண் பொம்பளை யோசித்தாள். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"அதும் சரிதான். குடுத்தது குடுத்ததுதானே."

"அப்ப எடுக்கவன் தலையில ஏறாதா?" என்று மேலேயிருந்து டீக்கடைக்காரன் கேட்டான்.

"அவரு தலையில அதான் தொப்பி போட்டிருக்காருல்லா" என்றாள் என் வீட்டுக்காரி.

தொப்பி போட்டவர்கள் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கே அப்படி நடந்தது. மேல்பக்கம் நின்று அவர்கள் விட்டார்கள். கீழ்ப்பக்கம் தொப்பியோடு நின்று நாங்கள் எடுத்தோம். குழுவில் உள்ளவர்கள் முதலில் தயங்கினார்கள். ஆற்றில் ஊறிக் கிடக்கவில்லை, இப்போதுதான் விட்டது என்றதும் வந்து நின்றார்கள். விட்ட துணி ஒரு ஆள் நீளம் கூடப் போகவில்லை. கிடந்த பழைய துணியையும் எடுத்தோம். மத்தியானத்துக்குள் படிக்கட்டின் கடைசிக் கல் தெரிந்தது. வேலை முடிந்ததும் சிலர் எங்கள் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வாத்தியாருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இது பாதுகாப்பா அண்ணாச்சி, சடங்கா? நாம விழிப்புணர்வு குடுக்கமா, இல்ல ஊக்கப்படுத்துதமா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், தொரட்டி பிடிக்கிறார், அதையே கேட்கிறார். ஃப்ளக்ஸ் மட்டும் அடிப்பதில்லை.

அன்றைக்கு வெயில் ஏறியும் அவள் கரையேறவில்லை. அந்த டவுண் பொம்பளையோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். சார்ஜாவில் இருக்கிற மகளுக்கு அங்கே வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். மாமியார் கூட வந்து இருக்கிறாளாம். அது சரிப்படாது என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் துணி ஏற்றி முடித்தேன். மைக் செட் ஏற்றினேன். கீழே வந்து நின்றேன்.

"சோறு?" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க போயி உலைய வைங்க. நான் வாரேன்."

போய் வைத்தேன்.